அறுபது வீடு, அறுபது கார், ஒரே பதில்

1

என் அண்ணன் பழனிச்சாமி அறுபது குடும்பங்களுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தார்.

இதை முதல் வரியிலேயே எழுதக் காரணம் இருக்கிறது. அவர் இந்த இதழை மாதாமாதம் வாங்குகிறவர். கடைசிப் பக்கத்து ராசிபலனைப் படித்துவிட்டு மடக்கி வைத்துவிடுவார். இந்த மாதம் யாராவது அவருக்கு முதல் வரியையாவது வாசித்துக் காட்டட்டும்.

ஆசிரியர் என்னிடம் கேட்டது வேறு. "ஜெர்மனிக்குப் போய் இருபது வருடம் ஆயிற்றே, அனுபவங்களை எழுதுங்கள்" என்றார். பனி, குளிர், தோசை மாவு புளிக்காதது, பொங்கலன்று ஆபீஸ் போனது. அதெல்லாம் எனக்கு முன்னால் வந்தவர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். மாவு புளிக்கிறது. ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டுவிட்டால் புளிக்கிறது. அந்த விஷயம் முடிந்தது.

எனக்கு எழுத இருப்பது கார் பற்றி.

2

நான் பொருளாதாரம் படித்தவள். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. என்ன ஆராய்ச்சி என்று ஊரில் கேட்டால் "கார் வாங்குறதப் பத்தி" என்பேன். "அதுக்கு எதுக்குங்க ஆராய்ச்சி, காசு இருந்தா வாங்கறது, இல்லீன்னா விடறது" என்பார்கள். அப்படி நடந்தால் எனக்கு வேலையே இல்லை.

காசு இல்லாதவர்கள் வாங்குகிறார்கள். காசு இருப்பவர்கள் தேவைக்கு மேல் வாங்குகிறார்கள். வீடும் நிலமும் வாங்கினால் விலை ஏறும் என்று ஒரு நம்பிக்கையாவது உண்டு. கார், ஷோரூம் வாசலைத் தாண்டிய நிமிடமே விலை இறங்கும். இது எல்லோருக்கும் தெரியும். இருந்தும், ஒரு கிலோ வெங்காயத்துக்கு நான்கு கடை ஏறி இறங்குகிற குடும்பம், காரை ஒரே மத்தியானத்தில் முடிவு செய்துவிடுகிறது. யார் முடிவு செய்தது? அந்த வீட்டில் அதற்காக எது நின்றது? போர்வெல் மோட்டார் ரிப்பேரா, பல் டாக்டரா, மகளின் காலேஜா? இதுதான் என் கேள்வி.

பழைய கார் என்றால் இன்னும் வேடிக்கை. விற்கிறவனுக்கு வண்டியின் சீக்கு தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் என் அண்ணன் பிழைக்கிறார். அவர் பல்லடத்தில் வண்டி புரோக்கர். அவர் கை வழியாகப் போகிற எல்லாக் காரையும் இதற்கு முன் ஒரு டாக்டர்தான் ஓட்டியிருப்பார். "டாக்டர் ஓட்டுன வண்டிங்க, ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்கும் மட்டுந்தானுங்க போச்சு." கோயமுத்தூரில் உள்ள டாக்டர்கள் அத்தனை பேரும் வைத்தியத்தை விட்டுவிட்டு ராப்பகலாக ஓட்டினாலும் இத்தனை வண்டி ஓட்டியிருக்க முடியாது.

3

போன தை மாதம் ஊருக்கு வந்தேன். திட்டம் எளிது. பல்லடம், பொங்கலூர் சுற்று வட்டாரத்தில், கடந்த சில வருடங்களில் கார் வாங்கிய அறுபது வீடுகள். வீட்டுக்கு இருபது கேள்வி. பதிலைப் பதிவு செய்துகொண்டு திரும்ப வேண்டும். வீடுகளைக் காட்டிக்கொடுக்கும் பொறுப்பை அண்ணனிடம் விட்டேன். அவருக்குத் தெரியாத கார் அந்தப் பக்கம் கிடையாது. அவர் வீட்டையும் அந்த அறுபதில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன். கேள்வித்தாளை ஜெராக்ஸ் எடுக்கவும் அவரிடமே கொடுத்தேன். இதுதான் நான் செய்த மடத்தனம். அப்போது தெரியவில்லை.

இங்கே ஜெர்மனியில் ஒரு வீட்டில் இருபது கேள்வி கேட்க வேண்டுமென்றால் முதலில் கடிதம் போட வேண்டும். பதில் வர மூன்று வாரம். அதில் பாதிப் பேர் "விருப்பமில்லை" என்று எழுதுவார்கள். மீதிப் பேர் வாசலில் நிற்க வைத்துப் பதில் சொல்வார்கள். தண்ணீர்கூடக் கிடைக்காது. ஊரில் எனக்குக் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசல் கூட்டிக் கோலம் போட்டிருந்தது. கணவனும் மனைவியும் குளித்து, நல்ல துணி உடுத்தி, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வடை, காபி, சில வீடுகளில் இளநீர். கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில். தடுமாற்றமே இல்லை.

பதினாலாவது வீடு ஈஸ்வரியுடையது. பெயரை மாற்றியிருக்கிறேன். விசைத்தறி வைத்திருக்கும் குடும்பம். ஒன்பதாவது கேள்வியை முடித்துத் தாளைத் திருப்புகிறேன், அந்தம்மா சொல்கிறார்: "அடுத்தது கலர் யாரு பாத்ததுன்னு தானுங்க?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டில் "நல்ல கூர்மையான பெண்மணி" என்று எழுதிக்கொண்டேன். டாக்டர் பட்டம் வாங்கியவள் நான்.

திரும்பி வந்து பதில்களைக் கூட்டிப் பார்த்தால் அற்புதம். கொங்கு நாட்டில் யாரும் சக்திக்கு மீறிக் கார் வாங்குவதில்லை. தவணை தவறுவதில்லை. கணவனும் மனைவியும் கலந்து பேசித்தான் முடிவெடுக்கிறார்கள். உலகத்தில் எங்கும் இல்லாத குடும்பங்கள். துறைக் கூட்டத்தில் இதைப் படித்தேன். எங்கள் துறைத் தலைவர் உர்சுலா, சுலபத்தில் சிரிக்காத அம்மா, கை தட்டினார். "உங்கள் ஊரிடம் நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. என் வேலை ஒப்பந்த வேலை. இந்தக் கட்டுரை அச்சானால் மூன்று வருடம் நீட்டிப்பு. ஆகாவிட்டால் ஆகஸ்டோடு சரி, நாற்பத்தொன்பது வயதில் வேறு வேலை தேட வேண்டும்.

4

மார்ச்சில் என் மகள் யாழினிக்கு ஒரு பழைய கார் வாங்கினோம். அவளுக்குப் பத்தொன்பது வயது, படிக்கிற இடம் தூரம். இங்கேயே பிறந்தவள். அவள் தமிழ் புத்தகத் தமிழ். "அம்மா, தாங்கள் மிகவும் சத்தமாகப் பேசுகிறீர்கள்" என்பாள். அவள் யோசிப்பதும் கனவு காண்பதும் ஜெர்மனில்தான். ஊருக்குக் கூப்பிட்டால் பரீட்சை என்பாள். பரீட்சை இல்லாத மாதத்தில் தோழியின் பிறந்தநாள் என்பாள்.

காரை விற்றவர் ஒரு ரிட்டயர்டு பள்ளி ஆசிரியர். அவர் ஒரு தாளை நீட்டினார். வண்டியில் உள்ள குறைகளைத் தன் கையால் எழுதியிருந்தார். மொத்தம் பதினேழு. பின்பக்க இடது கண்ணாடி மழை பெய்தால் கிறீச்சிடும். டிக்கியில் நாய் முடி ஒட்டியிருக்கிறது, முழுதாகப் போகவில்லை. முன்சீட்டில் ஒரு காபிக் கறை, அது அவர் மனைவி கொட்டியது.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பதினேழைச் சொல்கிறவன் பதினெட்டாவதை மறைக்கிறான். அவரை மேலும் கீழும் பார்த்தேன், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன், மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். மெக்கானிக் ஒரு மணி நேரம் தடவிவிட்டு, "பதினேழுதான்" என்றான்.

"அம்மா, அவர் உண்மை பேசுகிறார். தாங்கள் ஏன் அவரை முறைக்கிறீர்கள்?" என்றாள் யாழினி.

"உனக்குத் தெரியாது கண்ணு. உங்க மாமன் தொழில் இது."

"மாமா பதினேழு குறைகளையும் கூறுவாரா?"

"உங்க மாமன் ஒண்ணுகூடச் சொல்ல மாட்டாரு."

"அப்போது அவரை அல்லவா முறைக்க வேண்டும்?"

அடுத்த நாள் வண்டியைப் பதிவு செய்யும் ஆபீஸ். நான்கு தாள் கேட்டார்கள், நான்கும் கொண்டுபோனேன். இன்சூரன்ஸ் நம்பரில் ஓர் எழுத்து தெளிவாக இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போனால் சாப்பாட்டு நேரம். மூன்றாம் முறை போனபோது எனக்குக் கோபம். கோபம் வந்தால் இருபது வருட ஜெர்மன் மொழியும் போய்விடும். கவுன்டரில் இருந்த மனிதரை "நீ" என்று பேசிவிட்டேன். இங்கே அது பெரிய குற்றம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நாம் இருவரும் எப்போது நண்பர்களானோம்?" என்று கேட்டார். கன்றுக்குட்டியைக்கூட "வாங்க, போங்க" என்று ஓட்டுகிற ஊரில் பிறந்தவள் நான், மரியாதை தெரியாதவள் என்று பெயர் வாங்கினேன். யாழினி எனக்காக மன்னிப்புக் கேட்டாள். ஐந்து நிமிடத்தில் நம்பர் பிளேட் கைக்கு வந்தது.

5

கார் வாங்கியதற்கு யாழினியின் பங்கையும் வசூலிக்க வேண்டுமே. "அந்த அறுபது வீட்டு ஒலிப்பதிவையும் கேட்டு, எந்தக் கேள்வி எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று எழுதிக்கொடு" என்றேன். நம் பக்கத்துப் பேச்சு வேகம் அவளுக்குப் பிடிபடாது. அதனால் அர்த்தத்தை விட்டுவிட்டு ஓசையை மட்டும் கேட்டிருக்கிறாள்.

மூன்றாம் நாள் சமையலறைக்கு வந்தாள். நான் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன்.

"அம்மா, இது எல்லாம் ஒரே பெண்மணியா?"

"இல்ல கண்ணு. அறுபது வீடு. வேற வேற ஊரு."

"பிறகு ஏன் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள்?"

"என்ன பாட்டு?"

கண்ணை மூடிக்கொண்டு, ஒரு ராகத்தில், அவள் சொன்னாள். என் வீட்டில் அவள் வாயிலிருந்து அப்படியொரு கொங்குத் தமிழை நான் கேட்டதேயில்லை: "நாங்க ரெண்டு பேரும் ஒக்காந்து கலந்து பேசித்தானுங்க முடிவு பண்ணுனோம். சக்திக்கு மீறி எதுமே செய்யறதில்லீங்க."

கத்தியை வைத்துவிட்டுப் போய்க் கேட்டேன். ஒன்றாவது வீடு, அதே வாக்கியம். ஏழாவது வீடு, அதே. இருபத்திரண்டாவது வீட்டில் அந்தம்மா பாதியில் மறந்துவிட்டார். அவர் கணவர் மெதுவாக எடுத்துக்கொடுக்கிறார்: "சக்திக்கு மீறி…" உடனே அந்தம்மா, "ஆமாங்க, சக்திக்கு மீறி எதுமே செய்யறதில்லீங்க."

ஒரு யோக்கியமான ஜெர்மன் வாத்தியாரைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்த நான், என் ஊர்க்காரர்கள் அறுபது பேர் ஒப்பித்ததை அப்படியே நம்பி ஊரைக் கூட்டிப் படித்துக் காட்டியிருக்கிறேன். அன்றைக்குக் கத்தரிக்காய் தீய்ந்தது. யாரும் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்குச் சொந்த ஊர் கொடுமுடி. "எங்க ஊரா இருந்திருந்தா வார்த்தைய மாத்தி மாத்தியாச்சும் சொல்லியிருப்போம்" என்றார்.

6

அண்ணனைப் போனில் பிடித்தேன்.

"ஏனுங்ணா, நான் போறதுக்கு முந்தி அந்த அறுபது ஊட்டுக்கும் நீங்க போனீங்களா?"

"போகாம? நீ பாட்டுக்கு ஜெர்மனியில இருந்து வந்து, கதவத் தட்டி, 'கடன் எவ்வளவு, தவணை கட்டுனீங்களா'ன்னு கேட்டீன்னா நாய அவுத்து உட்டுருவாங்க கண்ணு. நான் முந்தியே போய்ச் சொல்லி வெச்சுப்போட்டேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

"எங்க தங்கச்சி வருது, கேள்வி இதுதான், நல்லாப் பதில் சொல்லுங்கன்னேன்."

"கேள்வி அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீதான ஜெராக்ஸ் எடுக்கக் குடுத்த. நூத்தியிருபது காப்பி எடுத்தேன். அறுபது உனக்கு, அறுபது அவங்களுக்கு. அவங்க காப்பியில பதிலும் இருந்துச்சு."

அவரே தொடர்ந்தார். குரலில் ஒரு பெருமை.

"ஏம்மணி, நல்லாச் சொன்னாங்களா இல்லியா?"

"நல்லாச் சொன்னாங்க. பொய்யாச் சொன்னாங்க. எனக்கு வேணுங்கறது உண்மைங்ணா."

"அதெப்படி? ஊட்டுக்கு வந்த புள்ளகிட்டப் போயி, 'ரெண்டு மாசமாத் தவணை நிக்குது, பைனான்ஸ்காரன் வண்டியத் தூக்கறேங்கறான்'னா சொல்லுவாங்க? காப்பியும் குடுத்துக் கஷ்டத்தையும் குடுக்கறதா? உனக்கு ஒரு கெட்ட பேரு வரக்கூடாதுன்னு அலைஞ்சு அலைஞ்சு பண்ணுனேன். பெட்ரோலு என்ர காசு."

இவரிடம் கோபப்பட முடியவில்லை என்று எழுதினால் அது பொய். கோபப்பட்டேன். போனை வைத்துவிட்டு, அதே கோபத்தோடு உர்சுலாவின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மறைத்திருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நான் புரோக்கர் இல்லை.

உர்சுலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கேட்டார்: "உங்கள் அண்ணன் எல்லா வீட்டுக்கும் போனாரா? நேரிலா? அறுபதுக்குமா?"

"ஆமாம்."

"நமக்கு வேலை செய்கிறவர்கள்கூட அப்படிப் போவதில்லையே" என்றார். பிறகு குரல் மாறியது. "அத்தனை வீட்டையும் மறுபடி கேட்க வேண்டும். ஆகஸ்டுக்குள். விமான டிக்கெட்டுக்குப் பணம் இருக்கிறது, மற்றதற்கு இல்லை. அண்ணன் கூடாது."

7

ஜூனில் போனேன். அண்ணன் வீட்டில் தங்கவில்லை. பல்லடத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். அங்கே என் ஜெர்மன் பாஸ்போர்ட்டைப் பார்த்த மேனேஜருக்குக் குழப்பம். வெளிநாட்டுக்காரர் தங்கினால் அதற்கென்று தனி பாரம் நிரப்பி அனுப்ப வேண்டுமாம்.

"ஏனுங்க, நீங்க பாரினருங்களா? பேச்சு பொங்கலூர் மாதிரி இருக்குதே."

"பொங்கலூர்தானுங்க."

"அப்ப எதுக்குங்க லாட்ஜு? சொந்தக்காரங்க யாரும் இல்லீங்களா?"

"அண்ணன் இருக்காருங்க. நாலு கிலோமீட்டருல."

அவர் பேனாவை வைத்துவிட்டார். ஜெர்மன் ஆபீசில் பேனாவை வைத்தவர் என்னை மரியாதை தெரியாதவள் என்று நினைத்தார். இவர் என்னைக் குடும்பத்தோடு அறுத்துக்கொண்டு வந்தவள் என்று நினைத்தார். பாரத்தில் "வருகையின் நோக்கம்" என்ற இடத்தில் "கார்" என்று எழுதினேன். வாங்கவா விற்கவா என்று கேட்டார்.

செய்தி எனக்கு முன்னால் அறுபது வீட்டுக்கும் போய்விட்டது. முதல் மூன்று நாளும் ஒரே கூத்து. நான் காரைப் பற்றிக் கேட்பேன், அவர்கள் லாட்ஜைப் பற்றிக் கேட்பார்கள். "அண்ணனோட சண்டைங்களா? சொத்துப் பிரச்சனைங்களா? லாட்ஜுல சோத்துக்கு என்ன பண்றீங்க?" சோறு கட்டிக்கொடுத்தார்கள். உண்மையை மட்டும் கொடுக்கவில்லை. உண்மையைச் சொல்லுங்கள், தப்பில்லை, பெயர் வராது என்று கெஞ்சினேன். "உண்மைதானுங்க அன்னிக்கே சொல்லிட்டமே" என்றார்கள். பக்கத்தில் கணவர், பின்னால் மாமியார், ஜன்னலில் பக்கத்து வீட்டுக்காரம்மா. இத்தனை பேர் நடுவில் யார் சொல்வார்கள்? நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

8

ஞாயிற்றுக்கிழமை வண்டிச் சந்தைக்குப் போனேன். வெட்டவெளியில் வரிசையாகப் பழைய கார்கள், வெயிலில் மினுக்கிக்கொண்டு. எல்லாம் டாக்டர்கள் ஓட்டியவை. ஒரு சாம்பல் நிறக் காரின் முன்னால் இரண்டு பேர் கைகுலுக்குவதுபோல நின்றார்கள். கைகளின்மேல் ஒரு துண்டு கிடந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை, துண்டுக்கு அடியில் மட்டும் விரல்கள் நெளிந்தன.

மாட்டுச் சந்தைப் பழக்கம் இது. மாடு குறைந்துபோய்க் கார் வந்த பிறகும் பழைய புரோக்கர்கள் விடவில்லை. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் பிடித்தால் ஐந்து. ஆயிரமா லட்சமா என்பதை மட்டும் வாயால் சொல்வார்கள். பேரம் படியாவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போகலாம். எவ்வளவுக்குக் கேட்டான், எவ்வளவுக்கு இறங்கினான் என்று மூன்றாம் ஆளுக்குத் தெரியாது. ஒருவர் முகமும் கோணாது.

சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சிதான். இருபது வருடமாகச் சந்தையைப் பற்றிப் படிக்கிறேன், இது எனக்கு உதவும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. நேராகக் கடைக்குப் போய் ஒரு துண்டு வாங்கினேன்.

முதலில் ஈஸ்வரி வீடு. "இன்னிக்கு வாயால சொல்ல வேண்டாமுங்க. ஆமான்னா என் ஆள்காட்டி விரலப் புடிங்க, இல்லீன்னா கட்டை விரல். எண்ணிக்கைன்னா அத்தன விரல்."

ஈஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஆம்பளைங்க புடிக்கற துண்டுங்க அது!" ஆனால் கையை நீட்டிவிட்டார். அவர் கணவர் கழுத்தை நீட்டினார். ஈஸ்வரி ஒரே அதட்டல்: "துண்டுக்குள்ள பேசறப்ப மூணாவது ஆளு எட்டிப் பாக்கக் கூடாது. உங்க சந்தை ரூலுதான அது? போயி தறியில நாடாக் கட்டைய எண்ணுங்க."

தவணை எத்தனை மாதம் நின்றது? நான்கு விரல். சின்ன வண்டியே போதும் என்று நினைத்தீர்களா? ஆள்காட்டி விரல். வாங்கலாமா என்று உங்களைக் கேட்டார்களா? கட்டை விரல். அதற்காக வீட்டில் எதையாவது நிறுத்தினீர்களா? ஆள்காட்டி விரல். கையை எடுத்த பிறகு அவரே வாய் திறந்தார். "பல்லுங்க. ரெண்டு வருசமா இந்தப் பக்கமாத்தான் மெல்லறேன்." சொல்லிவிட்டு அதற்கும் சிரித்தார்.

பிறகு அவர் கணவரை உட்கார வைத்தேன். அவர் பிடித்த விரல்களிலிருந்து தெரிந்தது, சின்ன வண்டியே போதும் என்றுதான் அவரும் நினைத்திருக்கிறார். கல்யாண மண்டபத்து வாசலில் சொந்தக்காரர்களின் பெரிய வண்டிகளுக்கு நடுவே சின்னதை நிறுத்த அவருக்குத் துணிவில்லை, அதை மட்டும் வாயால் சொன்னார். இரண்டு பேரும் சின்னதே போதும் என்று நினைத்த வீட்டில் பெரியது நிற்கிறது, கவர் போட்டு. பால் வாங்க ஸ்கூட்டர்தான்.

அதற்குப் பிறகு எனக்கு ஓய்வில்லை. அடுத்தடுத்த வீட்டுப் பெண்கள் தாங்களே போன் போட்டார்கள். "துண்டு எப்பங்க எங்கூட்டுக்கு வரும்?" பொங்கலூரில் ஒரு மாமியார் தனக்கும் துண்டு வேண்டும் என்று அடம்பிடித்தார். அவர் என் பட்டியலிலேயே இல்லை. எல்லோரும் முட்டாள்தனமாக வாங்கினார்கள் என்று நினைக்காதீர்கள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வாரத்துக்கு மூன்று தடவை அப்பாவைக் கூட்டிப்போகக் கார் வாங்கியவர் இருந்தார். மேட்டுப்பாளையத்துக்குக் காய் ஏற்றிப் போய் அந்தக் காரைக் கொண்டே கடனை அடைத்த பெண்மணி இருந்தார். உண்மை பல விதமாக இருந்தது. ஒன்றைப்போல் ஒன்று இல்லை.

9

அறுபதாவது வீடு அண்ணன் வீடு. கடைசியாகத்தான் போனேன். வாசலில் அவருடைய வெள்ளைக் கார், ஏழு பேர் உட்காரலாம். வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். என் நங்கையா பி.காம். படித்தவர். அதிகம் பேச மாட்டார். நான் துண்டை விரித்தேன். அண்ணன் டிவியைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். டிவி ஓடவில்லை.

"இந்தக் காரை வாங்கும் முன்னால் உங்களைக் கேட்டார்களா?"

நங்கையா என் கட்டை விரலைப் பிடித்தார். பிடித்து அழுத்தினார். இரண்டு நாள் வலித்தது எனக்கு. பிறகு துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு, வாயாலேயே சொன்னார்.

"அம்மணி, அந்தப் பதிலை எழுதுனது நாந்தான்."

"எந்தப் பதிலுங்க?"

"ரெண்டு பேரும் ஒக்காந்து கலந்து பேசித்தான்னு. அறுபது ஊட்டுக்கும் போச்சே, அது. எனக்கு எழுத வராது, நீ எழுதிக் குடுன்னாரு உங்கண்ணன். நல்ல ஊடுன்னா எப்படி இருக்கும்னு யோசிச்சேன். இப்படித்தான் இருக்கும்னு எழுதிப்போட்டேன்."

அண்ணன் டிவியிலிருந்து திரும்பவில்லை. நான் துண்டை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"ஏனுங்ணா, உங்க முறை. கையக் குடுங்க."

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "எனக்கு எதுக்குத் துண்டு? நானென்ன ஒளிச்சுப் பேசற ஆளா?"

"அப்ப வாயால சொல்லுங்க. நங்கையாளக் கேட்டீங்களா?"

"இதென்ன ஊட்டுக்குள்ள ஒக்காந்துட்டு போலீஸாட்ட? கேக்கறதா இருந்தா எல்லாத்துக்கும் முன்னால கேளு. எனக்கென்ன பயமா? அப்பச் சொல்றேன் பதிலு." எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏழு சீட்டும் காலியாகப் போயிற்று.

நங்கையா சிரித்தார். அந்தச் சிரிப்பில் வருத்தம் இருந்ததாக நான் எழுத மாட்டேன். நன்றாகவே சிரித்தார். "கேட்டுத்தான் பாருங்களேன் அம்மணி" என்றார். இதை அச்சில் எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "பேரையும் போட்டே எழுதுங்க. அவரே சொன்னாருல்ல" என்றார்.

உர்சுலாவுக்கு ஐம்பத்தொன்பது வீட்டுப் பதிலும் போய்ச் சேர்ந்தது. துண்டைப் பற்றி நான் எழுதியதை மூன்று முறை படித்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அண்ணன் வீட்டுத் தாளில் நங்கையாவின் பதில் இருக்கிறது, அவர் கணவரின் பதில் இல்லை. ஐம்பத்தொன்பதே போதும் என்கிறார் உர்சுலா. ஆராய்ச்சிக்குப் போதும். எனக்குப் போதாது. நங்கையா யோசித்து எழுதிய அந்த வாக்கியத்தை அறுபது வீட்டாரையும் சொல்ல வைத்தவர், அது தன் வீட்டில் உண்மையா இல்லையா என்று சொல்லியாக வேண்டும்.

அண்ணா, எல்லோருக்கும் முன்னால் கேட்கச் சொன்னீர்கள். கேட்கிறேன். இந்த இதழைப் படிக்கும் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், நங்கையா முன் வரிசையில் இருக்கிறார். அந்த வெள்ளைக் காரை வாங்கும் முன் உங்கள் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா, இல்லையா? ஆமாம் அல்லது இல்லை. இதே இதழில், உங்கள் பெயர் போட்டு, உங்கள் கையால் எழுதிப் பதில் சொல்லுங்கள். நங்கையாவை எழுதித் தரச் சொல்லக் கூடாது.